சிலுவை எதைச் செய்து முடித்தது? பாவநிவாரணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாச் சபைகளும் ஒரே சிலுவையைத்தானே பிரசங்கிக்கின்றன? வேறுபாடு எங்கே வருகிறது?

இயேசு மரித்தார், உயிர்த்தெழுந்தார், அதனால் தேவனுக்கும் மனிதருக்கும் இடையே முறிந்திருந்த உறவு சீரானது. இதுவரை கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே என்று யாரும் மறுப்பதில்லை. எப்படிச் சீரானது என்று கேட்டதும் வழிகள் பிரிகின்றன.

முதல் பிரிவு: தடை எங்கே இருந்தது என்பதில். பிசாசின் பிடியே தடை என்றார்கள் சிலர். மரணமும் அழிவும்தான் என்றார்கள் சிலர். தேவனுடைய நீதி கேட்ட கணக்கு என்றார்கள் வேறு சிலர். மனிதனின் கல்நெஞ்சமே தடை என்றவர்களும் உண்டு. இரண்டாவது பிரிவு: சிலுவை மீட்பை முடித்தே விட்டதா, மீட்புக்கு வழியைத் திறந்துவிட்டதா என்பதில். கைப்பிரதிகளும் பிரசங்கங்களும் முதலாவதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. சபைகளை மேடை பிரித்து நிறுத்தியது இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்; ஆகவே இங்கே அதற்கு இடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன்.

விசுவாசப் பிரமாணம் இதைத் தீர்த்து வைக்கவில்லையா?

இல்லை. 325இல் எழுந்து 381இல் விரிவடைந்த நிசேயா விசுவாசப் பிரமாணம், நமக்காகவும் நம்முடைய இரட்சிப்புக்காகவும் அவர் இறங்கிவந்தார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எந்த விதத்தில் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆதிச் சங்கங்கள், அதாவது ஆயர்கள் கூடிய திருச்சபைக் கூட்டங்கள், பெரும்பாலும் கிறிஸ்து யார் என்ற கேள்விக்காகவே போராடின. அவர் செய்தது எப்படிப் பலன் தருகிறது என்பதற்கு எந்தப் பொதுச் சங்கமும் ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் மரபினர் ஆகியோர் ஒன்றாக இணைந்தார்கள். வெஸ்லியின் வழிவந்த மெத்தடிஸ்டுகளும், சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியர் போன்றவர்களும் இரண்டு நூற்றாண்டுகள் வாதாடிய பொருள் இது. இணைப்புக்கு இதில் ஒருமித்த கருத்து வேண்டும் என்று யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. அதனால் இன்றும் ஒரே சேகரத்தில் ஒரு ஞாயிறு கேட்ட பிரசங்கத்துக்கு அடுத்த ஞாயிறு எதிர்ப்பிரசங்கம் கேட்க நேரலாம். சபையார் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பழைய ஏற்பாட்டுப் பலியில் மனிதனுக்குப் பதிலாக மிருகம் தண்டிக்கப்பட்டதா?

ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். லேவியராகமம் 16ஐ நிதானமாக வாசித்தால் படம் சற்று மாறுகிறது. பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். சீட்டுப் போட்டு, ஒன்று கர்த்தருக்கு என்று பிரிக்கப்பட்டுக் கொல்லப்படுகிறது. அதன் இரத்தத்தைப் பிரதான ஆசாரியன் ஆரோன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோய்க் கிருபாசனத்தின் (உடன்படிக்கைப் பெட்டியின் மூடி) மேலும் அதன் முன்பும் தெளிக்கிறான். ஜனங்களின் தீட்டால் கறைபட்ட பரிசுத்த ஸ்தலம் அதனால் சுத்திகரிக்கப்படுகிறது. இரண்டாவது கடாவின் தலைமேல்தான் ஆரோன் தன் இரண்டு கைகளையும் வைத்து இஸ்ரவேலின் அக்கிரமங்களை அறிக்கையிடுகிறான். அந்தக் கடா பலிபீடத்துக்குப் போவதில்லை. பாவங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகிறது.

ஆக, பாவம் ஏற்றப்பட்ட கடா பலியிடப்படவில்லை. பலியிடப்பட்ட கடாவின்மேல் பாவம் அறிக்கையிடப்படவில்லை. (அந்த இரண்டாவது கடாவை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடும் வழக்கத்தை யூத மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது, வேத பாகத்தில் அது இல்லை.) சுத்திகரிப்பு, அகற்றுதல் என்று இரண்டு செயல்கள் இருக்கின்றன. தண்டனை என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் வேண்டுமானால் ஏசாயா 53க்குத்தான் போக வேண்டும்: ‘நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது’. அந்த வசனத்தைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

பிசாசுக்கு மீட்கும்பொருள் கொடுக்கப்பட்டது என்று ஆதித் திருச்சபை போதித்ததா?

சிலர் போதித்தார்கள். மனுஷகுமாரன் ‘அநேகரை மீட்கும்பொருளாக’த் தம் ஜீவனைக் கொடுக்க வந்தார் என்று மாற்கு 10:45 சொல்கிறது, யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் அந்த இடைவெளியைப் பிசாசைக் கொண்டு நிரப்பினார். நான்காம் நூற்றாண்டில் நிசா நகர கிரகோரி ஒரு படி மேலே போய், மனித உடல் என்ற இரைக்குள் தெய்வீகம் என்ற தூண்டில் முள் மறைந்திருந்தது, பிசாசு பேராசையில் விழுங்கிச் சிக்கிக்கொண்டான் என்றார். அகுஸ்தீனோ சிலுவையைப் பிசாசுக்கு வைத்த எலிப்பொறி என்றே பிரசங்கித்தார்.

இதைக் கேட்டு இன்று சிரிப்பவர்கள், அன்றே முகம் சுளித்த ஒருவர் இருந்ததையும் அறிய வேண்டும். நசியான்சு நகர கிரகோரி தம் பஸ்கா உரை ஒன்றில் நேராகவே கேட்டார்: அந்த இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது? பொல்லாங்கனுக்கு என்றால் அதைவிட அவமானம் உண்டா? பிதாவுக்கு என்றால், நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்தது அவர் அல்லவே? இரண்டு பதில்களுக்கும் ஒரே மூச்சில் ஆப்பு வைத்துவிட்டார். பின்னால் வந்த ஆயிரம் ஆண்டு வாதங்களில் பாதி அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

தூண்டில் கதையை ஒதுக்கிவிட்டாலும் அடியில் உள்ள நம்பிக்கை உறுதியானது: கிறிஸ்து மரணத்தையும் இருளின் அதிகாரங்களையும் வென்றார். 1930இல் சுவீடன் நாட்டு இறையியலாளர் கஸ்டாஃப் ஔலேன் இந்த வெற்றிக் கொள்கையே திருச்சபையின் மூலக் கொள்கை என்று வாதிட்டு நூல் எழுதியபின் அது மறுபடியும் மதிப்புப் பெற்றது.

அன்செல்ம் சொன்னதும் கால்வின் சொன்னதும் ஒன்றுதானா?

ஒன்று என்று பலர் எழுதுகிறார்கள், தவறு.

கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், இங்கிலாந்து அரசனோடு பிணக்குற்று நாட்டைவிட்டு வெளியேறியிருந்த காலத்தில், 1098இல் இத்தாலியில் தம் நூலை முடித்தார். போசோ என்ற துறவியோடு நடக்கும் உரையாடலாக அது அமைந்திருக்கிறது. பிசாசுக்கு மனிதன்மீது எந்த உரிமையும் இல்லை என்று முதலிலேயே அந்தக் கணக்கை மூடிவிடுகிறார். பாவம் என்பது தேவனுக்குச் சேர வேண்டிய மகிமையைச் செலுத்தாமல் இருப்பது. அதை ஈடுசெய்ய வேண்டியவன் மனிதன். ஈடுசெய்யக்கூடியவர் தேவன் மட்டுமே. ஆகவே தேவனும் மனிதனுமான ஒருவர் வேண்டும். பாவமற்ற அவர் மரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். கடமையில்லாத மரணத்தை மனமுவந்து தந்ததால் அதன் பெறுமதி உலகத்தின் கடனை விஞ்சுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒன்று ஈடு, இல்லையேல் தண்டனை என்பது அன்செல்மின் அடிப்படை விதி. ஈடு செலுத்தப்பட்டால் தண்டனைக்கு வேலையில்லை. எனவே அவருடைய கொள்கையில் கிறிஸ்து தண்டிக்கப்படவே இல்லை. தண்டனை தவிர்க்கப்படும்படி ஈடு செலுத்தினார்.

ஆர்லியான், பூர்ஜ் நகரங்களில் சட்டம் படித்த கால்வின் அந்த இடத்தில்தான் திரும்புகிறார். ஈடு கொடுக்கப்பட்ட விதமே தண்டனையை ஏற்றுக்கொண்டதுதான் என்கிறார். தம் பெருநூலில் அவர் சுட்டும் ஒரு நுணுக்கம் சட்டம் படித்தவருக்கே தோன்றக்கூடியது: இயேசுவைக் கள்வர்கள் வெட்டிச் சாய்த்திருந்தாலோ, கலவரத்தில் அவர் அடிபட்டு இறந்திருந்தாலோ அது பாவநிவாரணம் ஆகியிருக்காது. நியாயாசனத்தின் முன் நின்று, குற்றம் சாட்டப்பட்டு, நீதிபதியின் வாயால் தீர்ப்புப் பெற்றுச் சாக வேண்டியிருந்தது. அதே நீதிபதி அவரிடம் குற்றம் இல்லை என்றும் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. குற்றமற்றவர் குற்றவாளியின் இடத்தில் நின்றார் என்பது அப்போதுதான் வெளிப்படும். பிலாத்துவின் பெயர் விசுவாசப் பிரமாணத்தில் வருவது காலக்குறிப்புக்கு மட்டும் அல்ல என்று காட்டியதில் கால்வினை மிஞ்ச ஆள் இல்லை.

கத்தோலிக்க மரபு கால்வினோடு போகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், கிறிஸ்துவின் பாடு புண்ணியமாகவும் ஈடாகவும் பலியாகவும் மீட்பாகவும் பலன் தருகிறது என்று பல வழிகளை அருகருகே வைத்தார். ஒன்றைப் பிடித்து மற்றதை உதறவில்லை.

தகப்பன் தன் மகனைத் தண்டித்துக் கோபம் தணிவது கொடுமை அல்லவா?

2003இல் இங்கிலாந்தின் பாப்திஸ்து போதகர் ஸ்டீவ் சாக், நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து நம் இடத்தில் ஏற்றார் என்னும் தண்டனைப் பதிலீட்டுக் கொள்கையைப் பிரபஞ்ச அளவிலான குழந்தைக் கொடுமை என்று எழுதி இவாஞ்சலிக்கல் உலகில் பெரும் புயலைக் கிளப்பினார். அவருக்கு முன்பே, 1980களின் இறுதியில், பெண்ணிய இறையியலாளர்கள் இதே குற்றச்சாட்டை வைத்திருந்தார்கள்.

குற்றச்சாட்டு ஒரு வகைப் பிரசங்கத்துக்குப் பொருந்தும். பிதா ஒரு பக்கம் வாளோடு, குமாரன் மறு பக்கம் கெஞ்சிக்கொண்டு என்று சித்திரம் தீட்டும் பிரசங்கங்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனால் கால்வின் அதைச் சொல்லவில்லை. பிதா தம் அன்பான குமாரன்மேல் ஒருபோதும் கோபம் கொண்டதாக நாங்கள் சொல்வதில்லை என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். தேவன் நம்மேல் அன்புகூர்ந்ததால்தான் குமாரனை அனுப்பினார். குமாரன் மரித்ததால் அன்புகூரத் தொடங்கவில்லை. 1986இல் ஆங்கிலிக்கப் போதகர் ஜான் ஸ்டாட் இதையே இன்னும் கூர்மையாக்கி, சிலுவையில் தேவன் மூன்றாம் ஆள் ஒருவரை அல்ல, தம்மையே நம் இடத்தில் நிறுத்தினார் என்று விளக்கினார். திரித்துவத்தைக் கைவிட்டுவிட்டுச் சிலுவையை விளக்கினால் கொடுமைக் கதைதான் மிஞ்சும்.

இந்தச் சண்டை பாட்டுப்புத்தகம் வரை போனது. 2013இல் வெளிவந்த அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையின் புதிய பாட்டுப்புத்தகத்துக்காக, பிரபலமான ஒரு பாடலில் தேவகோபம் தணிந்தது என்று பொருள்படும் வரியை தேவ அன்பு மகிமைப்பட்டது என்று மாற்றிக்கொள்ளக் குழுவினர் அனுமதி கேட்டார்கள். எழுதியவர்கள் மறுத்துவிட்டார்கள். குழு 9க்கு 6 என்ற வாக்கில் பாடலையே விட்டுவிட்டது. இரு தரப்பும் தங்கள் இறையியலை மறைக்காமல் வெளியில் வைத்தன. அதில் எனக்கு மரியாதை உண்டு.

சிலுவை நமக்கு முன்மாதிரி மட்டும்தான் என்று அபெலார்டு சொன்னாரா?

‘மட்டும்’ என்று சொன்னாரா என்பதில் ஆய்வாளர்களிடையே சந்தேகம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்டு, ரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில், கிறிஸ்துவின் பாடு நம் உள்ளத்தில் அன்பைப் பற்றவைக்கிறது என்பதை அழுத்தினார். கிளெர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு அவர்மேல் பாய்ந்தார். சான்ஸ் நகரச் சங்கம் அவருடைய கூற்றுகள் பலவற்றைக் கண்டித்தது. வேடிக்கை என்னவென்றால், பிசாசுக்கு மனிதன்மீது உரிமை இல்லை என்பதில் அபெலார்டு அன்செல்மின் பக்கம்தான். பழைய கொள்கைக்காக வரிந்துகட்டியவர் பெர்னார்டு.

கடன் முழுவதும் அடைக்கப்பட்டது என்றால் அதை மன்னிப்பு என்று எப்படிச் சொல்வது?

16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இறையியலாளர் ஃபாவுஸ்தோ சொசீனு எழுப்பிய கேள்வி இது. இன்றும் கூர் மழுங்கவில்லை. அடகுக்கடைக்காரரிடம் நான் வாங்கிய கடனை நண்பர் அசலும் வட்டியுமாக அடைத்துவிட்டார் என்றால், கடைக்காரர் எனக்கு எதையும் தள்ளுபடி செய்யவில்லை. பணம் வந்துவிட்டது, அவ்வளவுதான். தேவனும் அப்படியே முழுத்தொகை வாங்கிக்கொண்டார் என்றால் கிருபை எங்கே?

டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோத்தியு 1617இல் பதில் எழுதினார். தேவன் கடன் கொடுத்தவராக அல்ல, ஆளுகிறவராக நிற்கிறார். மன்னிக்கவும் செய்கிறார், சட்டத்தின் மாண்பு குலையாமலும் பார்த்துக்கொள்கிறார். சிலுவை அதற்காக என்றார். அவருடைய முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வழியில் அவர் காட்டிய வேறுபாடு நிலைத்தது: பணக்கடனை யார் அடைத்தாலும் அந்தக் கணமே கணக்குத் தீரும், குற்றத்தின் கடன் அப்படி அல்ல. வேறொருவர் ஏற்றுக்கொள்வதை நீதிபதி அனுமதிக்க வேண்டும், அதற்கு நிபந்தனையும் வைக்கலாம். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

இயேசு எல்லாருக்காகவும் மரித்தாரா, இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமா?

வாட்ஸ்அப் குழுக்களில் நட்பை முறிக்கும் கேள்வி. முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே என்னும் வரையறுக்கப்பட்ட பாவநிவாரணத்தைப் போதித்த, கால்வின் வழியினரின் டார்ட் சங்கம் (1618–19, நெதர்லாந்து), கிறிஸ்துவின் மரணம் உலகம் முழுவதன் பாவங்களையும் நிவிர்த்தி செய்யத் தாராளமாகப் போதுமானது என்றுதான் சொன்னது. சிலுவையின் வல்லமைக்கு அங்கே யாரும் அளவு வைக்கவில்லை. யாரை இரட்சிக்கும் நோக்கத்தோடு அவர் மரித்தார், அந்த நோக்கம் தவறாமல் நிறைவேறுகிறதா என்பதே வழக்கு. அந்த நோக்கம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைப் பற்றியது, அவர்களுக்குரிய விசுவாசத்தையும் அந்த மரணமே சம்பாதித்தது என்றது சங்கம். அதற்கு முன் 1610இல், டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் வழிவந்த ஆர்மினியர் அளித்த விண்ணப்பமோ, அவர் எல்லாருக்காகவும் மரித்தார், விசுவாசிக்கிறவரே பலனை அனுபவிக்கிறார் என்று கூறியிருந்தது.

டார்ட் பக்கத்தின் பலம் ஒரு கேள்வியில் இருக்கிறது: சிலுவை வெறும் வாய்ப்பை மட்டும் ஏற்படுத்தியது என்றால், அது யாரையாவது இரட்சித்ததா? எல்லாரும் மறுத்திருந்தால் கிறிஸ்து வீணாக மரித்தவர் ஆகியிருப்பாரே? இங்கிலாந்தின் இறையியலாளர் ஜான் ஓவன் இதை ஒரு மும்முனை வாதமாக்கினார். கிறிஸ்து எல்லாருடைய எல்லாப் பாவங்களுக்காகவும் மரித்தார், அல்லது சிலருடைய எல்லாப் பாவங்களுக்காகவும் மரித்தார், அல்லது எல்லாருடைய சில பாவங்களுக்காக மரித்தார். கடைசியது சரி என்றால் ஒருவரும் தப்ப முடியாது. முதலாவது சரி என்றால் ஏன் எல்லாரும் இரட்சிக்கப்படவில்லை? அவிசுவாசத்தால் என்பீர்கள். அவிசுவாசம் பாவமா, இல்லையா? பாவம் என்றால் அதற்கும் சேர்த்துத்தானே அவர் மரித்தார்?

மறுபக்கம் வசனங்களில் பலமாக நிற்கிறது. 1 யோவான் 2:2 ‘நம்முடைய பாவங்களை மாத்திரம் அல்ல, சர்வலோகத்தின் பாவங்களையும்’ என்கிறது. அதைவிட நெருக்கடி தருவது 2 பேதுரு 2:1. அழிவை வருவித்துக்கொள்ளும் கள்ளப் போதகர்கள், ‘தங்களைக் கிரயத்துக்குக்கொண்ட ஆண்டவரை’ மறுதலிப்பவர்கள் என்று சொல்லப்படுகிறார்கள். கிரயம் செலுத்தப்பட்டவர்களே அழிகிறார்கள். ஓவனும் அவர் வழியினரும் இதற்குத் தந்த விளக்கங்கள் எனக்கு வலிந்து செய்தவையாகவே தோன்றுகின்றன.

ஓவனின் மும்முனை வாதத்திலும் ஒரு விரிசல் உண்டு. சிலுவையிலேயே அவிசுவாசம் உட்பட எல்லாம் தீர்ந்தது என்றால், தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் விசுவாசிக்கும் முன்பே கோபத்துக்கு நீங்கியவர்களாக இருக்க வேண்டும். எபேசியர் 2:3 அவர்களையும் ‘கோபாக்கினையின் பிள்ளைகள்’ என்கிறது. தீர்ந்த கணக்கு கைக்கு வருவதற்கு ஒரு நாள் இருக்கிறது என்று ஓவன் தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிலுவையை அப்படியே பணக்கடனாக எடுத்துக்கொண்டதில் சொசீனுவும் ஓவனும் எதிரெதிர் முனைகளிலிருந்து ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள் என்பது என் கருத்து.

பிற சபைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். லுத்தரன் மரபு, எல்லாருக்காகவும் மரித்தார், ஆனாலும் எல்லாரும் இரட்சிக்கப்படுவதில்லை என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு, இடையில் உள்ள முடிச்சை அவிழ்க்க மறுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 853ஆம் ஆண்டின் கியர்சி சங்கத்தை மேற்கோள் காட்டி, கிறிஸ்து எவருக்காகப் பாடுபடவில்லையோ அப்படி ஒரு மனிதர் இல்லை என்று போதிக்கிறது. 1653இல் பாப்பரசர் பத்தாம் இன்னொசென்ட், கிருபை குறித்துக் கடும்போக்கு கொண்ட கத்தோலிக்கப் பிரிவினரான ஜான்சனியர்மேல் வைத்த கண்டனத்திலும் இது ஒரு பொருளாக இருந்தது. மெத்தடிஸ்டுகளின் தகப்பனான ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டலில் இலவச கிருபையைப் பற்றிப் பிரசங்கித்து அச்சிட்டார். நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு பகிரங்கக் கடிதத்தில் மறுத்து எழுதினார். உறவு கசந்து பின்பு தேறியது. 1770இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த வாதத்தில் ஏன் காணப்படுவதில்லை?

அவர்களுக்கு அன்செல்மும் இல்லை, கால்வினும் இல்லை. அத்தனாசியு சொன்னதுபோல, நாம் தெய்வீகத்தில் பங்குபெறும்படி வார்த்தையானவர் மனிதரானார் என்பதில் தொடங்குகிறார்கள். அவதாரம், சிலுவை, உயிர்த்தெழுதல் எல்லாம் ஒரே மீட்புச் செயல். சிலுவையை மட்டும் தனியே பிரித்து அது என்ன செய்தது என்று கேட்பதே மேற்கத்தியப் பழக்கம் என்பார்கள். அவர்களுடைய ஈஸ்டர் திருவோவியத்தில் கல்லறை வாசலைக் காண்பது அரிது. உடைந்த பாதாளக் கதவுகளின் மேல் நின்றுகொண்டு கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தெடுக்கிறார். கீழே பூட்டுகளும் தாழ்ப்பாள்களும் சிதறிக் கிடக்கின்றன. கிறிஸ்து ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்பதை அவர்கள் காண்பது அப்படி. மேற்கத்திய சபைகளின் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் வரும் அந்த வரிக்குக் கால்வின், சிலுவையில் அவர் ஆத்துமாவில் அனுபவித்த நரக வேதனை என்று பொருள் கொண்டார்.

இந்தியக் கிறிஸ்தவர்கள் சொந்தமாக எதுவும் சொல்லவில்லையா?

சொன்னார்கள், நாம்தான் வாசிப்பதில்லை. சென்னையின் வெங்கல் சக்கரை சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் இணைத்து 1932இல் தனி நூலே எழுதினார். கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி பக்தி மார்க்கத்தின் மொழியில், கிறிஸ்துவில் நிலைத்திருப்பதையே மோட்சம் என்றார். பி. செஞ்சையா பலியைவிடப் புதுச் சிருஷ்டியை முன்னிறுத்தினார். இயேசுவில் புதிய மனிதகுலமே தொடங்கிவிட்டது என்பது அவர் வாதம். நீதிமன்ற மொழி இவர்களை ஈர்க்கவில்லை.

‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’ என்பது உடல்நோய்க்கும் பொருந்துமா?

பெந்தெகொஸ்தே சபைகளில் இது உயிர்நாடியான போதனை. 1916இல் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் வெளியிட்ட அடிப்படைச் சத்தியங்களின் அறிக்கை, நோயிலிருந்து விடுதலை பாவநிவாரணத்திலேயே அடங்கியிருக்கிறது என்று கூறுகிறது. வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. இயேசு பேதுருவின் மாமியையும் பிணியாளிகளையும் குணமாக்கியபோது மத்தேயு 8:17 ஏசாயா 53ஐத்தான் எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அங்கே இயேசு இன்னும் சிலுவைக்குப் போகவில்லை. தழும்புகளைப் பற்றிய வரியைச் சிலுவையோடு இணைக்கும் 1 பேதுரு 2:24 பேசுவதோ பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதைப் பற்றி.

முன்பு சொன்ன கேள்வி இங்கேயும் வருகிறது: சிலுவை சம்பாதித்தது எல்லாம் இன்றே கைக்கு வந்துவிட வேண்டுமா? ரோமர் 8:23 நம் சரீர மீட்புக்குக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறது, ஆவியின் முதற்பலன்களைப் பெற்றவர்களையும் சேர்த்து. சரீரமும் சிலுவையின் மீட்புக்குள் இருக்கிறது என்று சொல்லலாம். சுகத்துக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்கவும் வேண்டும். புற்றுநோய் வார்டில் படுத்திருப்பவரிடம் போய், கிறிஸ்து விலை கொடுத்துவிட்டார், உனக்குச் சுகம் வராதது உன் விசுவாசக் குறைவுதான் என்று சொல்ல எந்தப் பாவநிவாரணக் கொள்கையிலும் இடம் கிடையாது. அப்படிச் சொல்கிற ஊழியக்காரரைத் தாராளமாக வெளியே போகச் சொல்லலாம்.